நாடகக் குழுவில் நிதி திரட்டும் இன்டர்ன்ஷிப்: எதைத் தெரிந்துகொண்டு போகலாம்?

பாலி மாணவி:
அடுத்த மாதம் இங்கே சிங்கப்பூரில் லாப நோக்கமற்ற நாடகக் குழு ஒன்றில் நிதி திரட்டும் பிரிவில் சேர்கிறேன். நாடகம் நிறைய பார்ப்பேன், ஆனால் யாரிடமும் பணம் கேட்டுப் பழக்கமில்லை, முன்பின் தெரியாதவர்களுக்கு போன் போடச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன படித்து வைக்கலாம்?

தேக்காவாசி:
பெரும்பாலும் நன்கொடையாளர் பட்டியலைச் சரிபார்ப்பது, நன்றிக் கடிதம் எழுதுவது என்றுதான் தொடங்கும், பயப்படாதே தங்கச்சி. குழுவுக்கு ஐபிசி (IPC) தகுதி, அதாவது நன்கொடைக்கு வரிக் கழிவு ரசீது தர அனுமதி பெற்ற பொதுநல அமைப்பு என்ற தகுதி, இருக்கிறதா என்று முதலில் கேள். இருந்தால், 2026 முடியும்வரை தகுதியுள்ள நன்கொடைக்கு 250% வரிக் கழிவு உண்டு. அதாவது 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தால் வரிக்குரிய வருமானத்தில் 2,500 வெள்ளி குறையும், வரியே அவ்வளவு குறையும் என்று அர்த்தமில்லை. கொடுப்பவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது, பொறுமையாக விளக்கு.

மேடைப்பிரியன்:
2013இல் தொடங்கிய கல்ச்சரல் மேட்சிங் ஃபண்ட் பற்றியும் படி. தகுதிபெற்ற கலை, மரபுடைமை அறநிறுவனங்களுக்குத் தனியார் தரும் ரொக்க நன்கொடைக்கு அரசாங்கம் வெள்ளிக்கு வெள்ளி தருகிறது, உச்சவரம்பு உண்டு. சின்னத் தொகை கொடுப்பவரிடமும் இதைச் சொல்லலாம், நம் 50 வெள்ளியால் என்ன ஆகும் என்று தயங்குபவர்கள்தான் அதிகம். அப்புறம், கூச்சப்படாதே, நீ கேட்பது உனக்காக இல்லை, ஒத்திகை இடத்துக்கும் நடிகர்களின் சம்பளத்துக்கும்.

ஈசூன் அக்கா:
நன்கொடையாளர்களின் பெயர், நம்பர் எதையும் உன் சொந்த போனில் சேமிக்காதே. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

பாலி மாணவி:
சரி அக்கா. ஐபிசி பற்றி இன்றே கேட்டுவிடுகிறேன்.