"குளியலை எங்கே எடுத்துட்டுப் போகணும், டீச்சர்?"

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசிவிட்டு, மூன்றாவதாகவே ஆங்கிலத்துக்கு வருகிறார்கள். நீளமான ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்துவிடும் அவர்களை ஹேவ், டேக், மேக், கிவ், டூ என்னும் ஐந்து சிறு வினைகள் படாத பாடு படுத்துவதை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன்.

ஏழாம் வகுப்பில் ஒருநாள் கரும்பலகையில் 'டேக் எ பாத்' (குளி) என்று எழுதியபோது, ஒரு சிறுமி எழுந்து தலைப்பில் உள்ள கேள்வியைக் கேட்டாள். வகுப்பே சிரித்தது, எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. டேக் என்றால் எடு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். அந்தத் தொடரில் எடுப்பதற்கு ஒன்றுமே இல்லை. பொருளைச் சுமப்பது பாத் என்னும் பெயர்ச்சொல், டேக் காலம் காட்டுவதற்காக உடன் நிற்கிறது. டென்மார்க் நாட்டு மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன், தம் ஆங்கில இலக்கணத்தின் 1942ஆம் ஆண்டுத் தொகுதியில் இத்தகைய வினைகளை 'லைட் வெர்ப்', அதாவது எடை குறைந்த வினை, என்று குறித்தார்.

சிறுமிக்கு யெஸ்பர்சன் எதற்கு? "மத்தியானம் பாட்டி குட்டித் தூக்கம் போடறாங்களே, அதை எங்கே போடறாங்க?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "சண்டை போடறதும் அப்படித்தானே, டீச்சர்?" என்றாள். அன்றைய பாடம் அங்கேயே முடிந்துவிட்டது. கையெழுத்துப் போடு, சத்தம் போடு, போன் பண்ணு, காப்பி அடி என்று பிள்ளைகளே அடுக்கத் தொடங்கினார்கள். எல்லையில் வாழ்வதால் எங்களுக்கு இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு: மலையாளத்தில் 'ஒப்பிடுக' என்றால் கையெழுத்திடுக என்று பொருள், தமிழில் அதுவே ஒத்துப்பார் என்றாகிவிடும். அங்கும் 'இடுக' என்பதற்குத் தனி எடை இல்லை.

இவ்வினைகள் வெறும் அலங்காரம் என்று எண்ணிவிடக் கூடாது. 'லுக்' என்பதற்கும் 'ஹேவ் எ லுக்' என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நான் தமிழைக் கொண்டே புரிந்துகொண்டேன். 'வயலைப் பார்' என்பது ஒன்று. 'வயலை ஒரு பார்வை பார்த்துவிட்டு வா' என்பது வேறு. பின்னதில் செயலுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் வந்துவிடுகின்றன, சிறிது நேரத்தில் முடிந்துவிடும் என்ற குறிப்பும் சேர்கிறது. ஆங்கிலம் செயலைப் பெயராக்கி, அதற்கு முன் 'எ' சேர்த்து, ஹேவ் என்பதன் தோளில் ஏற்றிச் செய்வதை, தமிழ் அதே வேரிலிருந்து பெயரும் வினையும் எடுத்துச் செய்கிறது. பெயராகிவிட்டதால் அடைமொழி சேர்ப்பதும் எளிது: 'ஹேவ் எ குவிக் லுக்', 'டேக் எ லாங் வாக்'.

மனம் நொந்த அனுபவம் ஒன்றும் உண்டு. என் பழைய மாணவர் ஒருவர் வேலைக்கான நேர்காணலில் 'ஐ ரோட் த எக்ஸாம்' (தேர்வு எழுதினேன்) என்று சொல்ல, வடநாட்டிலிருந்து வந்திருந்த அதிகாரி, 'ரோட்' அல்ல, 'கேவ்' (கொடுத்தேன்) என்று சொல்ல வேண்டும் எனத் திருத்தியிருக்கிறார். தேர்வு எழுது என்று தமிழும், பரீட்சை எழுதுக என்று மலையாளமும் சொல்வதால் எங்கள் பிள்ளைகள் எழுதுகிறார்கள். இந்தியில் பரீட்சையைக் கொடுப்பதால் அவர் கொடுக்கிறார். பொது ஆங்கிலத்தில் மாணவர் தேர்வை 'டேக்' செய்கிறார், அல்லது பிரித்தானிய வழக்கில் 'சிட்' செய்கிறார். 'கிவ்' செய்பவர் ஆசிரியர். இருவருமே தத்தம் தாய்மொழியின் வினையைத்தான் கொண்டுவந்திருந்தார்கள், தலைகுனிந்து திரும்பியவர் மட்டும் என் மாணவர்.

திருத்தணியிலிருந்து ஒரு வாசகர்:

எங்கள் பக்கம் தெலுங்கு பேசும் பிள்ளைகள் 'ஐ டிட் பாத்' என்று எழுதுவார்கள். தெலுங்கில் 'ஸ்நானம் செய்' என்பதே வழக்கு. குளி என்ற ஒற்றை வினை உள்ள தமிழ்ப் பிள்ளைகள் இந்தப் பிழையைச் செய்வதில்லை. அவர்கள் பாத்தையே வினையாக்கி 'ஐ பாத்' என்று நிறுத்திவிடுகிறார்கள். பிழையைப் பார்த்தே வீட்டு மொழியைச் சொல்லிவிடலாம்.

செங்கோட்டையிலிருந்து இன்னொரு வாசகர்:

'ஹேவ் எ ஷவர்' சரியா, 'டேக் எ ஷவர்' சரியா என்று என் மகள் கேட்டபோது ஒன்றைத் தவறென்று சிவப்பு மையால் கோடிட்டு அடித்துவிட்டேன். முன்னது பிரித்தானியருக்கும் பின்னது அமெரிக்கருக்கும் இயல்பு என்று பிறகு அறிந்து, அவளை அழைத்து அந்தச் சிவப்புக் கோட்டை அழித்தேன். இப்போது வினையைத் தனியாக எழுதச் சொல்வதில்லை; 'மேக் எ மிஸ்டேக்', 'டூ ஹோம்வொர்க்' என்று பெயரோடு சேர்த்து ஒரே சொல்லைப் போலக் குறித்துவைக்கிறாள்.