டக்ஸ்ஃபோர்டு கான்கிரீட் கூடம்: உள்ளே போனவர்களுக்கு என்ன தோன்றியது?

செங்கல்சூளை:

இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் கட்டிய அமெரிக்க விமான அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். கட்டட விளக்கம் எனக்கு வேண்டாம். 1997இல் திறந்தது, அடுத்த ஆண்டே கட்டடக்கலைக்கான ஸ்டர்லிங் பரிசு வாங்கியது, கல்லூரியில் அதன் குறுக்குவெட்டை நானே வரைந்திருக்கிறேன். அங்கே வந்த மனிதர்கள் அதைப் பார்த்து என்ன செய்தார்கள் என்றுதான் கேட்கிறேன்.

வாசலில் நுழைந்ததும் பி-52 குண்டுவீச்சு விமானத்தின் மூக்கு முகத்துக்கு நேராக நிற்குமே, அந்த இடம். எனக்கு முன்னால் தொப்பி வைத்த ஒரு பெரியவர், கூட மகள். அமெரிக்கப் பேச்சு. அவர் விமானத்தைப் பார்க்கவே இல்லை. கூரையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாகப் பார்த்தார். "என் அப்பா போர்க்காலத்தில் இந்த நாட்டில் தகரக் கொட்டகையில் கிடந்தார். கரி அடுப்பு அணைந்தால் தூக்கம் கிடையாது என்று எழுதுவார். இது யாருடைய இடம்?" என்று மகளிடம் கேட்டுவிட்டு வெளியே நடந்துவிட்டார். சரிவுப் பாதையில் ஓர் அடிகூட இறங்கவில்லை.

எனக்கு அந்தக் கட்டடம் மிகவும் பிடிக்கும். அதனால்தான் அவர் கேள்வி இன்னும் விடமாட்டேன் என்கிறது. ஒரு நல்ல கட்டடம் அவரை உள்ளே இழுத்திருக்க வேண்டாமா?

பனங்கூடல்:

மகனுக்குப் பள்ளி விடுமுறை, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. பழைய ஹேங்கர்களில், அதாவது விமானக் கொட்டகைகளில், ஸ்பிட்ஃபயர் போர் விமானம் எல்லாம் பார்த்தபோது சும்மா பேசிக்கொண்டு வந்தவர், இந்தக் கூடத்துக்குள் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்.

மகன் பி-52இன் வயிற்றுக்குக் கீழே போய் நின்று, குண்டு விழும் கதவு எது என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. பின்பக்கம், கூரை வளைந்து நிலத்துக்கு இறங்கும் இடத்தில், கான்கிரீட்டில் முதுகை வைத்து உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையால் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, இதுக்கு மேல விழுந்தா இது தாங்குமோ?"

1990இல் சகடை (குண்டு போட வரும் ராணுவ விமானத்தை அப்படித்தான் சொல்வோம்) வந்து போட்ட நாட்களில் எங்கள் வளவில் பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிய பங்கர்தான் இருந்தது. அதற்குள் இருந்தபடி அம்மா இதே கேள்வியை அப்பாவிடம் கேட்பார். நான் பதில் சொல்லாமல் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

சாரக்கட்டு:

செங்கல்சூளை தம்பி, "உள்ளே இழுத்திருக்க வேண்டாமா" என்று கேட்பது நியாயமில்லை. அந்தக் கூடம் எதற்காக எழுந்தது? அந்த பி-52 1983இல் டக்ஸ்ஃபோர்டில் வந்து இறங்கியது. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்று துருப்பிடித்துக்கொண்டிருந்தது. இறக்கையின் நீளம் 185 அடி. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் அதை மூட வேண்டும், அதே கூரையிலிருந்து மற்ற விமானங்களைத் தொங்கவிட வேண்டும், உள்ளே ஈரம் ஏறக்கூடாது. தகரக் கொட்டகையில் இது எதுவும் நடக்காது. ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவில் இடைவெளி விட்டு வளைந்த இரண்டு கான்கிரீட் ஓடுகள், 90 மீட்டர் அகலம். அத்தனை கனமான கான்கிரீட் இருப்பதால் உள்ளே வெப்பம் சட்டென்று ஏறி இறங்காது. ஈரத்தை மட்டும் உறிஞ்சி எடுத்தால் போதும், அலுமினியம் பிழைத்துக்கொள்ளும். ஒரு பகுதியை மண்ணுக்குள் புதைத்திருப்பதால் ஓடுபாதை ஓரத்துப் பழைய ஹேங்கர்களையும் அது அமுக்கவில்லை. அவை முதல் உலகப் போர்க் காலத்து மரச்சட்டக் கூரைகள். அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு பழைய ஹேங்கரை நகலெடுத்து வைத்திருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும். ஃபாஸ்டரே விமானப்படையில் கட்டாயப் பணி செய்தவர், விமானம் ஓட்டுபவர். தெரியாமல் போட்ட கோடு ஒன்றும் அதில் இல்லை.

இனி நான் பார்த்தது. 2016இல் புதுப்பித்துத் திறப்பதற்கு முன்னால், ஓடுபாதைப் பக்கத்துக் கண்ணாடிச் சுவரைக் கழற்றி விமானங்களை வெளியே இழுத்தார்கள். தொண்டர்களில் வயதான ஒருவர் திறந்து கிடந்த கூடத்து வாயின் நடுவில் நின்றார். காற்று உள்ளே வீசியது. "இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் இது ஹேங்கர்" என்றார். சந்தோஷமாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. அதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எல்பேக்கரை:

சாரக்கட்டு அண்ணா சொன்னதெல்லாம் விமானத்தைக் காப்பாற்றுவதைப் பற்றி. விமானம் பறந்துபோன பக்கத்தில் கீழே இருந்தவர்களைப் பற்றி அந்தக் கூரை என்ன சொல்கிறது? பனங்கூடல் அம்மா கேட்டதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

நான் ஜெர்மனியில், டிரெஸ்டனில் இருக்கிறேன். இங்குள்ள ராணுவ வரலாற்று அருங்காட்சியகம் விமானங்களுக்கானது இல்லை, ஆனால் வான்போரை விட்டு அதைப் பேச முடியாது. பழைய ஆயுதக் கிடங்கின் முகப்பைக் கிழித்துக்கொண்டு வரும் உலோக ஆப்பு, கட்டடக் கலைஞர் லிபெஸ்கிண்ட் வடிவமைத்தது, 2011இல் திறந்தது. அதன் கூர்முனை 1945 பிப்ரவரி 13 இரவு முதல் குண்டுகள் விழுந்த பக்கத்தைக் காட்டுகிறது. ஊர்க்காரர்கள் பலருக்கு அது பிடிக்காது. என் வீட்டுக்கார அம்மா அதை "அழகான முகத்தில் விழுந்த வெட்டு" என்பார். ஒருநாள் நானே அவரை மேல் மாடிக்குக் கூட்டிப் போனேன். அங்கே குண்டு பட்ட டிரெஸ்டன் தெருக்கற்கள் கிடக்கின்றன, கூடவே நெதர்லாந்தின் ரோட்டர்டாமும் போலந்தின் வியெலூனும். வியெலூன் மேல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டது 1939 செப்டம்பர் 1 அன்று. அவர் தன் ஊர்க் கற்களைத் தாண்டிப் போய் வியெலூன் கற்களின் முன்னால் நின்றார். வெகுநேரம் கழித்து, "இதை ஏன் எங்களுக்குப் பள்ளியில் சொல்லவில்லை?" என்று கேட்டார். கட்டடம் இன்றும் அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் அப்படி ஒரு கேள்வியை டக்ஸ்ஃபோர்டு யாரிடமிருந்தாவது வாங்கியிருக்கிறதா?

மூணு பிள்ளைக்காரி:

வாங்கியிருக்கிறது தம்பி. வாசலுக்குப் போகும் வழியில் நிற்கும் கண்ணாடிப் பலகைகளை நீங்கள் பார்க்கவில்லை போலிருக்கிறது. மொத்தம் 52. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனிலிருந்து கிளம்பித் திரும்பாத அமெரிக்க விமானங்கள் 7,031, ஒவ்வொன்றின் உருவமும் அதில் பொறித்திருக்கும். என் நடுப்பெண் பெரிய உருவம் ஒன்றில் விரலை வைத்து, "இதில் எத்தனை பேர்?" என்றாள். பத்துப் பேர் இருப்பார்கள் என்றேன். சின்னதில்? ஒருவர். அப்புறம் அவள் பத்து, பத்து, ஒன்று என்று எண்ணத் தொடங்கி, இரண்டாவது பலகைக்கு வருவதற்குள் அழுதுவிட்டாள். அவ்வளவுதான் என் அனுபவம்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லண்டனிலிருந்து ரயிலில் வந்தால் விட்டில்ஸ்ஃபோர்டு பார்க்வேயில் இறங்க வேண்டும், அங்கிருந்து டாக்ஸிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காரில் வந்தால் எம்11இன் பத்தாவது சந்திப்பில் திரும்பினால் உடனே வந்துவிடும். வளாகம் மிக நீளம். எல்லோரும் நுழைவாயில் பக்கத்து ஹேங்கர்களிலேயே அரை நாளைக் கழித்துவிட்டு, இந்தக் கூடத்துக்கு வரும்போது பிள்ளைகள் சோர்ந்து தரையில் உட்கார்ந்துவிடும். நேராகக் கிட்டத்தட்டக் கடைசி வரை நடந்துபோய் இதை முதலில் பாருங்கள். கண்ணாடிப் பலகைகளுக்கு வெயில் இருக்கிற நேரம் நல்லது. உள்ளே சத்தம் எதிரொலிக்கும், கைக்குழந்தைக்குக் காது மூடத் தொப்பி எடுத்துப் போங்கள். ஓடுபாதை திறந்த வெளி, கோடையிலும் காற்று அடிக்கும், எனவே ஸ்வெட்டர் வேண்டும். விமான சாகச நாட்களில் கூட்டம் தாங்காது, கட்டடத்தைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் அன்று வரவே வேண்டாம். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், புளிசாதம் தாங்கும், தயிர்சாதம் வேண்டாம். நேரம் மிச்சமிருந்தால் கேம்பிரிட்ஜை ஒட்டிய மேடிங்லி அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்துக்கும் போய்விட்டு வாருங்கள். அங்கே காணாமல் போனவர்களின் சுவரில் 5,127 பெயர்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் அந்தக் கண்ணாடி உருவங்களுக்குள் ஆட்கள் இருந்தது மனதில் பதியும்.

சாரக்கட்டு:

பனங்கூடல், அம்மாவின் கேள்விக்கு. நேராக விழுந்தால் தாங்காது. அது பங்கராகக் கணக்குப் போட்டுக் கட்டியதில்லை. தன் எடையையும் தொங்கும் விமானங்களின் எடையையும் சுமக்கும் ஓடு, அவ்வளவுதான். தூரத்தில் விழுந்தாலும் முதலில் போவது அந்தக் கண்ணாடிச் சுவர்.

பனங்கூடல்:

நன்றி அண்ணை. நேற்று அம்மாவிடம் போனில் சொன்னேன். கண்ணாடியை உள்ளே வரும்போதே கவனித்தாராம், அதுதான் பின்பக்கம் போய் இருந்தாராம். மகனையும் அங்கே கூப்பிட்டிருக்கிறார், அவன் வரவில்லை என்று இப்போதும் கோபம்.

செங்கல்சூளை:

மூணு பிள்ளைக்காரி அக்கா, அந்தப் பெரியவரும் அதே பலகைகளைக் கடந்துதான் வாசலுக்கு வந்திருப்பார். அவர் அப்பாவின் விமானம் அதில் இருந்ததா என்று நான் யோசித்ததே இல்லை. இருந்திருந்தால், உள்ளே போகாததற்குக் கட்டடத்தைக் காரணம் சொல்ல முடியாது. எல்பேக்கரை, உங்களுக்கும் சேர்த்து ஒன்று கேட்கிறேன்: அந்தப் பலகைகள் வெளியே நிற்கின்றன, விமானங்கள் உள்ளே நிற்கின்றன. பி-52 மூக்குக்கு முன்னால் நாம் நிற்கும் அதே இடத்தில் பலகைகளை வைத்திருந்தால் என்ன? அங்கே இடம் இருக்கிறது, வரைபடத்தை எடுத்து அளந்து பார்த்துவிட்டேன்.