ஸ்பெல்லிங் பீ: அழுத்தமில்லாத உயிரெழுத்துக்கு என்ன வழி?

வணக்கம். மகள் ஆறாம் வகுப்பு, டெக்சாஸ். ஜனவரியில் ஸ்பெல்லிங் பீ (ஆங்கிலச் சொற்களை வாயால் எழுத்துக்கூட்டிச் சொல்லும் போட்டி) பள்ளிச் சுற்று. கிரேக்க, பிரெஞ்சுச் சொற்களில் தகராறில்லை. மூலமொழியைக் கேட்டதுமே 'ஃப' ஒலிக்கு பி-ஹெச், 'ஷ' ஒலிக்கு சி-ஹெச் என்று பிடித்துவிடுகிறாள். சறுக்குவதெல்லாம் அழுத்தம் விழாத உயிரெழுத்திலும் இரட்டை மெய்யிலும்தான். அங்கே ஏ, ஈ, ஐ எல்லாம் ஒரே முனகல்.

அதே வேரிலிருந்து வந்த உறவுச் சொல்லை வைத்துப் பார்த்தோம். டெஃபினிட்டில் ஏயா ஐயா என்று குழம்பினால் டெஃபினிஷன் என்று சொல்லிப் பார்ப்பது. அழுத்தம் நகர்ந்து ஐ தெளிவாகக் கேட்கும். அகாமடேட்டுக்கு லத்தீன் முன்னொட்டுகள் இரண்டையும் பிரித்துக் காட்டியதில் இரண்டு சி, இரண்டு எம் மனதில் நின்றுவிட்டது.

ஆனால் செமட்டெரிக்கு மூன்று ஈ என்று காட்டிக்கொடுக்க அப்படியொரு பழக்கமான உறவுச் சொல் இல்லை. எம்பாரஸில் இரண்டு ஆர், ஹராஸில் ஒன்றுதான். இரண்டும் பிரெஞ்சு வழி வந்தவை, மூலமொழி கேட்டும் பிரயோஜனமில்லை. திரும்பத் திரும்ப எழுத வைப்பது சுத்த வீண். கைதான் பழகுகிறது, மைக் முன்னால் வாய் தடுமாறுகிறது.

மூலமும் உறவுச் சொல்லும் கைகொடுக்காத இந்த மாதிரிச் சொற்களுக்கு, வாயால் எழுத்துக்கூட்டும்போது தப்பாதபடி எப்படிப் பயிற்சி கொடுக்கிறீர்கள்?