புதுப்பிப்பு: அம்மாவின் இதய வால்வுக் கட்டியை எடுத்தாயிற்று

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: சுங்கை சிப்புட்டில் அம்மாவுக்குக் காலையில் பத்து நிமிடம் வாய் குழறியது, ஸ்கேனில் மிட்ரல் வால்வில் சிறு கட்டி, காய்ச்சல் இல்லை, ரத்தத்தில் கிருமியும் வளரவில்லை, நெஞ்சைப் பிளந்துதான் ஆகணுமா என்று.

பிளக்கவில்லை. கோலாலம்பூரில் ஒன்பது நாளுக்கு முன் ஆபரேஷன் முடிந்தது. வலது விலா இடுக்கில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு, கேமரா, தொடை வழியாக இதய நுரையீரல் இயந்திரம். நெஞ்செலும்பைத் தொடவில்லை, ஆனால் இதயத்தை நிறுத்தித்தான் செய்தார்கள். சின்ன ஆபரேஷன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கட்டியைக் காம்போடு சீவி எடுத்ததில் அம்மாவின் சொந்த வால்வே தப்பியது. எனக்குப் பெரிய நிம்மதி அதுதான்.

டாக்டர் படம் காட்டினார். வெளியே எடுத்தபோது வெறும் சதைத்துணுக்கு, உப்புநீரில் போட்டதும் இழை இழையாக விரிந்திருந்தது. முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய அம்மா, "மங்குல ஒட்டுன கட்டிப்பால் மாதிரி இருக்கேய்யா" என்றார். பாப்பிலரி ஃபைப்ரோஎலாஸ்டோமா, புற்றுநோய் இல்லை. ஆனால் அதிலிருந்து துணுக்கோ ரத்தக்கட்டியோ பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

மாத்திரையில் கரையாதா என்று கேட்ட அக்காவுக்கு: இது கரையாது. லூபஸாலோ (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) புற்றுநோயாலோ வால்வில் படியும் கிருமியற்ற ரத்தக்கட்டி வேறு; அதற்குப் பெரும்பாலும் ரத்தம் உறையாத மருந்தும் அதற்குக் காரணமான நோய்க்கான வைத்தியமும்தான் முதலில்.

நாளைக்குத் தையல் பிரிக்கிறார்கள். அம்மா இப்போதே வீட்டுக்குப் போகணும் என்கிறார்.