ஹெட்போனில் நன்றாக இருக்கிறது, மிக்ஸில் அமுங்கிப் போகிறது: 4×12 கேப் ஐஆர் பற்றிச் சில சந்தேகங்கள்

டிராப்_டி:

வணக்கம். அப்பார்ட்மெண்ட் வீடு, ஆம்ப் முன்னால் மைக் வைத்துச் சத்தமாக வாசிக்க வழியில்லை. அதனால் எல்லாமே கம்ப்யூட்டருக்குள்தான். செட்டப் இதுதான்: ஹம்பக்கர் கிட்டார், இரண்டு சேனல் யூஎஸ்பி இன்டர்ஃபேஸ், ரெக்கார்டிங்குக்கு ரீப்பர் சாஃப்ட்வேர் (ப்ராஜெக்ட் 44.1 கிலோஹெர்ட்ஸ்), ஒரு இலவச ஆம்ப் பிளக்-இன், அதற்குப் பின் ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்: ஸ்பீக்கர் கேபினெட்டின் ஒலித்தன்மையைப் பதிந்த சிறு ஃபைல்) ஓட்டுகிற நேடிர் லோடர். வின்டேஜ் 30 ஸ்பீக்கர் போட்ட 4×12 கேப்பின் (நான்கு 12 இன்ச் ஸ்பீக்கர் உள்ள கேபினெட்) இலவச ஐஆர் தொகுப்பு ஒன்று இறக்கி வைத்திருக்கிறேன். நூறு ஃபைலுக்கு மேல் இருக்கிறது, எல்லாம் 48 கிலோஹெர்ட்ஸ்.

பிரச்சினைகள்:

ஹெட்போனில் தனியாக வாசித்தால் பரவாயில்லை. பேஸும் டிரம்ஸும் சேர்ந்ததும் கிட்டார் அமுங்கிப் போகிறது. ட்ரெபிள் ஏற்றினால் வெறும் ஜிர்ர்ர் தான் ஏறுகிறது.

இரண்டு ஐஆரைக் கலந்தால் நன்றாக இருக்கும் என்கிறார்கள். கலந்தால் எனக்குச் சத்தம் இன்னும் மெலிந்து போகிறது.

நூறு ஃபைலில் எதைத் தேர்ந்தெடுப்பது? ஒவ்வொன்றாகக் கேட்டால் பத்தாவதிலேயே காது மரத்துவிடுகிறது.

கடைசியாக, வீட்டில் ஒரு 15 வாட் ட்யூப் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) சும்மா கிடக்கிறது. ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு அதை இன்டர்ஃபேஸுக்குள் கொடுத்து ஐஆர் போட்டால் பிளக்-இன்னை விட நன்றாக இருக்குமா?

வால்வு_15:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில், ஏனென்றால் இது காசு போகிற விஷயம். ட்யூப் ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டாதீர்கள். ஸ்பீக்கரைக் கழற்றினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு லோடு இல்லை. சிக்னல் வந்ததும் பிரைமரி பக்கம் வோல்டேஜ் தாறுமாறாக ஏறும். சுற்றின் இன்சுலேஷன் ஓட்டையாகும், இல்லையென்றால் ட்யூப் சாக்கெட்டில் பொறி பறக்கும். ஸ்பீக்கர் அவுட்டை நேராக இன்டர்ஃபேஸில் செருகினாலும் கதை அதுதான்: இன்டர்ஃபேஸ் இன்புட் 8 ஓம் லோடு ஆகாது, அதோடு அந்த வோல்டேஜ் அதன் இன்புட்டையும் காலி செய்யும்.

சரியான வழி லோடு பாக்ஸ், அதாவது ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்புக்கு லோடு தருகிற பெட்டி. ஆம்பில் 8 ஓம் ஜாக் என்றால் பாக்ஸும் 8 ஓம், 15 வாட்டைத் தாராளமாகத் தாங்கக்கூடியது. ஆம்பிலிருந்து பாக்ஸுக்கு ஸ்பீக்கர் கேபிள் போட வேண்டும், கிட்டார் கேபிள் கூடாது. பாக்ஸின் லைன் அவுட்டிலிருந்துதான் இன்டர்ஃபேஸுக்கு. வாங்குவதாக இருந்தால் ரியாக்டிவ் வகை வாங்குங்கள். நிஜ ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் எல்லா ஃப்ரீக்வன்சியிலும் 8 ஓமாக இருக்காது. நூறு ஹெர்ட்ஸ் அருகில் ஒரு மேடு, பிறகு மேலே போகப் போக ஏற்றம். ட்யூப் பவர் ஆம்ப் அதற்கு ஏற்பத்தான் பேசும். வெறும் ரெசிஸ்டர் லோடில் அடியும் குறையும், மேல் ஃப்ரீக்வன்சியும் மந்தமாகும்.

செலவில்லாத வழியும் உண்டு: எஃப்எக்ஸ் செண்டிலிருந்து (ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப் அவுட்) எடுப்பது. அதில் ப்ரீஆம்ப் மட்டும் வரும், பவர் ஆம்பைப் பிளக்-இன்னில் சேர்த்துக்கொள்ளலாம். அப்போதும் ஸ்பீக்கர் மாட்டியபடியேதான் இருக்க வேண்டும். ஹெட்போன் அவுட், ரெக்கார்டிங் அவுட் இருந்தால் மேனுவலைப் பாருங்கள். பல ஆம்புகளில் அங்கே ஏற்கெனவே கேப் எமுலேஷன் இருக்கும்.

சிக்னல்_செயின்:

அமுங்கலுக்கு ஒரு நிமிடச் சோதனை. நேடிரை பைபாஸ் செய்துவிட்டு வாசியுங்கள். ஆம்ப் ஹெட்டின் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பகுதி) சிக்னல் கேப் இல்லாமல் நேராக வந்தால் தகரத்தை ரம்பம் போட்டு அறுக்கிற மாதிரி இருக்க வேண்டும், கேட்க முடியாது. அப்படி இருந்தால் சரி. பைபாஸ் செய்தும் "பரவாயில்லையே" என்று தோன்றினால் ஆம்ப் பிளக்-இன்னுக்குள்ளேயே இன்னொரு கேப் ஓடுகிறது என்று அர்த்தம். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாக விழும். அதே வீழ்ச்சியை இரண்டு முறை போட்டால் நோட்டின் முனையே போய்விடும். நீங்கள் ட்ரெபிள் ஏற்றும்போது மிச்சம் மீதி இருக்கிற இரைச்சல்தான் ஏறும். உங்கள் விவரிப்பைப் பார்த்தால் எனக்கு இதுதான் சந்தேகம். கேப் சுவிட்ச் பல பிளக்-இன்களில் முதல் பக்கத்தில் இருக்காது, தனி டேபில் இருக்கும்.

இது இல்லையென்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

இன்புட்: இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ருமென்ட் சுவிட்ச் போட்டிருக்க வேண்டும். அது போடாமல் லைன் இன்புட்டில் ஓடினால் பிக்கப்புக்கு லோடு அதிகமாகி, ஆம்புக்குப் போகும் முன்பே ட்ரெபிள் செத்துவிடும். பலமாக அடிக்கிற கார்டு மைனஸ் 12 டெசிபெல் வாக்கில் பீக் ஆனால் போதும்.

சாம்பிள் ரேட்: 48 ஐஆரை 44.1 ப்ராஜெக்டில் போடும்போது லோடர் தானாக மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாத லோடரில் கேப்பின் மொத்த வளைவும் 8 சதவீதம் கீழே இறங்கும். 3000 ஹெர்ட்ஸில் இருந்த மேடு 2756-க்கு வரும். கேப் பெரிதான மாதிரி, மந்தமாகக் கேட்கும். சந்தேகம் இருந்தால் ஒரு ஃபைலை 44.1-க்கு மாற்றிச் சேமித்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் கவலை வேண்டாம். புது ப்ராஜெக்டை 48-லேயே தொடங்குவது இன்னும் எளிது.

ரீப்பரில் இருப்பவர்கள் ரியாவெர்ப்பையே ஐஆர் லோடராகப் பயன்படுத்தலாம். ஆனால் அது ரிவெர்ப் பிளக்-இன் என்பதால் ட்ரை ஸ்லைடரை முழுதாக இறக்க வேண்டும். ட்ரை கொஞ்சம் கசிந்தாலும் அந்தத் தகர சத்தம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், என்ன ஈக்யூ போட்டாலும் போகாது.

வரிசை: கேட் (இரைச்சலை அடக்குவது), ஓவர்டிரைவ், ஆம்ப் ஹெட், ஐஆர், ஈக்யூ, கடைசியில் டிலே, ரிவெர்ப். ஐஆரும் சாதாரண ஈக்யூவும் லீனியர் என்பதால் அவை இரண்டில் எது முன், எது பின் என்பது சத்தத்தை மாற்றாது. டிஸ்டார்ஷனுக்கு முன் போடுகிற ஈக்யூ முற்றிலும் வேறு விஷயம். அடித்தந்தி குழைந்து போகிறது என்றால் ஆம்புக்கு முன்னால் 100 ஹெர்ட்ஸ் வாக்கில் வெட்ட வேண்டும். பின்னால் வெட்டிப் பயனில்லை.

ஐஆருக்குப் பின் 80 ஹெர்ட்ஸில் ஒரு ஹை-பாஸ் (அதற்குக் கீழே வெட்டும்), 8 கிலோஹெர்ட்ஸில் ஒரு லோ-பாஸ் (அதற்கு மேலே வெட்டும்). முடிந்தது.

ஆஃப்_ஆக்சிஸ்:

நூறு ஃபைல் என்று மிரள வேண்டாம். ஃபைல் பெயரைப் படித்தாலே பாதி கழியும். ஒரு ஐஆர் என்பது கேப் மட்டும் இல்லை. ஸ்பீக்கர், மைக், மைக் வைத்த இடம், ப்ரீஆம்ப் எல்லாம் சேர்ந்தது. இதில் அதிகம் மாறுவது மைக் வைத்த இடம். கோனின் நடுவில் இருக்கிற டஸ்ட் கேப்புக்கு (சிறு வட்ட மூடி) நேராக வைத்தால் கூர்மை, அதன் விளிம்பில் வைத்தால் நடுத்தரம், கோன் பக்கம் நகர நகர இருட்டு. இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தினாலே வேறு ஆம்ப் போலக் கேட்கும்.

எஸ்எம்57 மைக் மட்டும் உள்ள ஃபைல்களை எடுங்கள். அதிலும் நடு, விளிம்பு, கோன் என மூன்று இடத்துக்கு ஒன்று. மூன்றே ஃபைல். எட்டு பார் ரிஃப் ஒன்றை டிஐ-யாக (ஆம்ப் சேராத நேரடி சிக்னல்) ரெக்கார்ட் செய்து லூப்பில் போடுங்கள். பேஸும் டிரம்ஸும் ஓட வேண்டும். ஸோலோ பட்டனைத் தொடாதீர்கள். தனியாகக் கேட்கும்போது கனமாக இருக்கிற ஐஆர், பேஸ் வந்ததும் அதோடு மோதித்தான் அமுங்கும். தனியாகக் கொஞ்சம் ஒல்லியாகவும் மூக்கால் பேசுவது போலவும் இருப்பதுதான் பெரும்பாலும் மிக்ஸில் நிற்கும்.

ஒன்று மறக்கக் கூடாது: ஃபைலுக்கு ஃபைல் சத்த அளவு வேறு. ஒரு டெசிபெல் கூட இருப்பதைக் காது நல்ல டோன் என்று எடுத்துக்கொள்ளும். மீட்டரைப் பார்த்துச் சமப்படுத்திய பிறகே ஒப்பிடுங்கள்.

மூன்றில் ஒன்று பிடித்துவிட்டால் அதன் அக்கம்பக்கத்து ஃபைல்களில் மட்டும் தேடினால் போதும். மூன்றும் பிடிக்கவில்லை என்றால் ஸ்பீக்கரையே மாற்றுங்கள். வின்டேஜ் 30-க்கு அப்பர் மிட்டில் ஒரு தூக்கல் உண்டு. அதிகக் கெயினில் அதுதான் வெட்டு, அதுவே காதைக் குத்தவும் செய்யும். குத்தினால் 25 வாட் கிரீன்பேக் ஐஆர் போட்டுப் பாருங்கள். கிளீன் டோனுக்கு இரண்டுமே வேண்டாம், பின்பக்கம் திறந்த 1×12 அல்லது 2×12 காம்போ ஐஆர் எடுங்கள்.

கலந்தால் மெலிவது ஃபேஸ் பிரச்சினை. இரண்டு மைக்கும் ஸ்பீக்கரிலிருந்து வேறு வேறு தூரத்தில் இருந்திருக்கும். 7 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 0.2 மில்லிசெகண்ட், அளவு சமமாகக் கலந்தால் 2.5 கிலோஹெர்ட்ஸில் ஒரு பெரிய பள்ளம். கிட்டாரின் கடியே அங்கேதான் இருக்கிறது. சரிசெய்ய, இரண்டு வேவ் ஃபைலையும் ரீப்பரில் இரண்டு டிராக்கில் வைத்து முழுதாக ஜூம் செய்யுங்கள். முதல் பெரிய முனை இரண்டிலும் ஒரே இடத்தில் விழ வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு சாம்பிள் என்பது சுமார் 7 மில்லிமீட்டர், ஆக 7 சென்டிமீட்டருக்குப் பத்து சாம்பிள் நகர்த்த வேண்டியிருக்கும். லோடரில் டிலே கன்ட்ரோல் இருந்தால் அதிலேயே செய்யலாம். முனை ஒன்றில் மேலேயும் மற்றதில் கீழேயும் இருந்தால் போலாரிட்டியைத் திருப்புங்கள். கேப்புக்குப் பின்னால் வைத்த மைக்கில் இது சகஜம். தொகுப்பில் மினிமம் ஃபேஸ் என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் அதை எடுங்கள், தூர வித்தியாசம் அதில் ஏற்கெனவே நீக்கப்பட்டிருக்கும்.

கலப்பதற்குப் பழைய ஜோடி எஸ்எம்57-உம் ராயர் 121 ரிப்பன் மைக்கும். 57 முழு அளவில், ரிப்பனை ஆறு டெசிபெல் கீழே வைத்து மெல்ல ஏற்றிப் பாருங்கள்.

ரிதம்_லெஃப்ட்:

8 கிலோஹெர்ட்ஸ் லோ-பாஸை எல்லோருக்கும் மருந்துச் சீட்டு போல எழுதித் தருவதில் எனக்கு உடன்பாடில்லை. ஜிர்ர்ர் வருவது மைக் நடுவில் இருக்கிற ஐஆரால் என்றால் விளிம்பு ஐஆருக்கு மாறுவதே மருந்து. லோ-பாஸ் மேலே உள்ள காற்றைத்தான் எடுக்கும். குத்துவது பெரும்பாலும் 3-லிருந்து 5 கிலோஹெர்ட்ஸுக்குள் ஒல்லியான ஒரு முனை. ஈக்யூவில் குறுகிய க்யூ (அகலம்) வைத்து மேய்ந்து, விசில் அடிக்கிற இடத்தில் 3 டெசிபெல் இறக்கினால் போதும். பத்து இடத்தில் இறக்க வேண்டியிருந்தால் அந்த ஐஆரைத் தூக்கிப் போடுங்கள்.

கெயினையும் குறைங்க ப்ரோ. ரிதம் என்றால் இடதுக்கு ஒரு டேக், வலதுக்கு தனியாக இன்னொரு டேக் வாசித்தாக வேண்டும். இரண்டும் சேரும்போது டிஸ்டார்ஷன் கூடியது போலத் தெரியும், அதனால் தனி டேக்கில் உங்களுக்குப் பிடித்த அளவிலிருந்து ஒரு கால் பங்கு இறக்கலாம். ஒரே டேக்கை காப்பி செய்து இரண்டு பக்கமும் வேறு ஐஆர் போட்டால் அகலம் வராது, டோன் வித்தியாசமுள்ள மோனோதான் கிடைக்கும்.

டிராப்_டி:

நேடிரை பைபாஸ் செய்தும் கேட்க முடிகிறது. உள்ளே 2×12 ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அணைத்ததும் கிட்டார் முன்னால் வந்துவிட்டது. விளிம்பு 57 ஒன்றே போதும் போல இருக்கிறது, நன்றி.

இன்னொரு சந்தேகம். காம்போவில் இருக்கிற 12 இன்ச் ஸ்பீக்கர் எனக்குப் பிடிக்கும், எஸ்எம்57-உம் இருக்கிறது. அதையே ஐஆராக எடுக்க முடியுமா? சத்தம் அதிகம் போடாமல்?

ஆஃப்_ஆக்சிஸ்:

முடியும், அதிக சத்தமும் வேண்டாம். சாதாரணமாகப் பாட்டுக் கேட்கிற அளவு போதும். ஐஆர் ஸ்பீக்கரின் ஃப்ரீக்வன்சி வளைவை மட்டும்தான் பிடிக்கும். ஸ்பீக்கர் திணறி உடைகிற சத்தத்தை அதில் பிடிக்க முடியாது. ஆகவே கத்த வைத்து லாபமில்லை.

காம்போவை அணைத்து, ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, அதை ஒரு சாதாரண ஹை-ஃபை ஆம்பில் மாட்டுங்கள். பேஸ், ட்ரெபிள் நடுவில், லவுட்னஸ் பட்டன் ஆஃப். காம்போவின் எஃப்எக்ஸ் ரிட்டர்ன் வழியாகவும் அனுப்பலாம், ஆனால் அதன் பவர் ஆம்ப் நிறமும் ஃபைலில் பதிந்துவிடும். பிறகு பவர் ஆம்பையும் சேர்த்துப் போலச் செய்கிற பிளக்-இன்னில் போட்டால் அது இரட்டிப்பாகும்.

காம்போவைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டூலில் வையுங்கள், தரையிலிருந்து திரும்பி வருகிற ஒலி தள்ளிப் போகும். மைக், ஸ்பீக்கர் முன்னால் இருக்கிற துணியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர். ஃபேன், ஏசி நிறுத்தம். ரூம் ஈக்யூ விஸார்ட் இலவசம்; அதில் 20-லிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் (கீழிருந்து மேலே ஏறுகிற சோதனை ஒலி) ஓட்டி அளந்து, இம்பல்ஸை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவாக எக்ஸ்போர்ட் செய்யலாம். ஸ்வீப்புக்கு முன் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டரை அணையுங்கள். இல்லையென்றால் மைக்கில் வருவது திரும்ப ஸ்பீக்கருக்கே போய் ஊளையிடும்.

ஃபைலின் முன்னால் இருக்கிற வெற்றிடத்தை வெட்டிவிடுங்கள், வெட்டாவிட்டால் அது அப்படியே லேட்டன்சியாக வரும். பல இடத்தில் மைக் வைத்து எடுத்தால் எல்லா ஃபைலிலும் ஒரே அளவு வெட்டுங்கள், அப்போதுதான் கலக்கும்போது தூர வித்தியாசம் உள்ளபடி இருக்கும். பின்பக்கம் 200 மில்லிசெகண்டில் நிறுத்தி ஃபேட் அவுட். அறை எதிரொலி காதில் விழுந்தால் 40-க்கே வெட்டலாம். ஹார்டுவேர் பெடல்கள் பலவற்றில் 2048 சாம்பிள்தான் ஏறும், அதுவே 48 கிலோஹெர்ட்ஸில் சுமார் 43 மில்லிசெகண்ட்தான்.

வால்வு_15:

வேலை முடிந்ததும் காம்போவை ஆன் செய்யும் முன் ஸ்பீக்கர் வயரைத் திரும்ப மாட்டுங்கள்.