எபேசியர் 5-ஐ மணமக்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? உதவி வேண்டும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் திருமணத்துக்கு முந்தைய ஆயத்த வகுப்பை இந்த முறை என்னையும் என் கணவரையும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் வகுப்பிலேயே தடுமாறிவிட்டோம். வேதாகமத்தில் எபேசு சபைக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்திலிருந்து "மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்" என்று வாசித்ததும் மாப்பிள்ளைப் பையன் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்தப் பெண் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே தலைகுனிந்திருந்தாள். அந்த முகம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

பொதுவாக 22-ஆம் வசனத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறோம். ஆனால் 21-இல் "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்று இருக்கிறதே! வத்திக்கான் பிரதி போன்ற மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் 22-இல் அந்த வினைச்சொல்லே கிடையாது, 21-இல் இருப்பதுதான் தொடர்கிறது. அப்புறம் 25-இல் புருஷனுக்குச் சொன்னது, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல அன்புகூர வேண்டும் என்பது. அதிகாரம் செய்யச் சொல்லவே இல்லை. 1 கொரிந்தியர் 7:4-இலும் மனைவியின் சரீரத்துக்குப் புருஷன் அதிகாரி, புருஷனின் சரீரத்துக்கு மனைவி அதிகாரி என்று இருவருக்கும் ஒரே அளவுகோல்தான்.

சரி, "புருஷன் மனைவிக்குத் தலை" என்ற 23-ஆம் வசனத்தை எப்படி விளக்குவது? அதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இப்படிப்பட்ட வகுப்பு எடுத்த அண்ணன்மார், அக்காமார், போதகர்கள் யாராவது, சம்பளம், சமையல், மாமியார் வீடு என்று அன்றாட உதாரணங்களோடு எப்படிப் பேசினீர்கள் என்று சொல்லுங்களேன். தமிழில் நல்ல விளக்கவுரை இருந்தாலும் சொல்லுங்கள். அடுத்த வகுப்பு ஞாயிறு ஆராதனை முடிந்ததும்.