பதில்: ‘இரகசியக் காவல்துறை’யா, ‘ஒற்றுக்காவல்’ஆ?

நண்பர்களுக்கு வணக்கம். ‘Secret police’ என்பதற்குத் தமிழில் ‘ஒற்றுக்காவல்’ என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

> ‘இரகசியக் காவல்துறை’ பழகிய சொல்தானே, மாற்றுவானேன்?

பழகியதுதான், பொருள் இடிக்கிறது. முசோலினியின் பாசிச ஆட்சியில் இத்தாலிய முடியரசு நடத்திய அரசியல் காவல் அமைப்பான ஓவ்ராவையே (OVRA) பாருங்கள். 1927இல் மிலானில் தொடங்கிய அமைப்பு. 1930 டிசம்பரில் அதன் பெயரை அரசே செய்தி நிறுவனம் வழியாக ஊரறியச் சொன்னது. அந்த நான்கு எழுத்துகளின் விரிவை மட்டும் சொல்லவில்லை. இன்றுவரை ஆளுக்கொரு விரிவு. ஆக்டோபஸுக்கு அவர்கள் மொழியில் ‘பியோவ்ரா’; அந்த ஒலிக்காகவே வைத்த பெயர் என்பாரும் உண்டு. தனக்குத் தானே தண்டோரா போட்டுக்கொண்டதை இரகசியம் என்பதா? யார் தகவல் எழுதிக்கொடுக்கிறார் என்பதுதான் அங்கே இரகசியம்.

‘உளவுத்துறை’யும் பொருந்தாது. ஓவ்ரா வேவு பார்த்ததோடு நிற்கவில்லை, ஆளைப் பிடித்து உள்ளேயும் போட்டது. பாசிசக் கட்சியின் படை என்று ஒருவர் எழுதியிருந்தார், அதுவும் அல்ல. அதை நடத்திய பொக்கீனி உள்துறையில் படிப்படியாக வளர்ந்த அதிகாரி. 1926 முதல் 1940இல் இறக்கும்வரை அரசின் காவல்துறைத் தலைவர். அவர் கைக்கு வந்த அரசியல் கோப்பகம், அதாவது அரசு கண்காணித்தவர்களைப் பற்றிய கோப்புகளின் தொகுப்பு, 1894இல் தொடங்கியது. முசோலினி அப்போது பள்ளிச் சிறுவன்! ஆகவே சொல்லில் ‘காவல்’ இருந்தே ஆகவேண்டும். வேவுக்கு ‘ஒற்று’ சேர்த்தால் ‘ஒற்றுக்காவல்’.

அடுத்தது, தகவல் கொடுப்பவர். ஓவ்ராவின் கோப்புகளில் அவருக்கு ‘நம்பிக்கைக்குரியவர்’ என்று பெயர். யாருடைய நம்பிக்கைக்கு என்று கேட்காதீர்கள். ஈழ வழக்கின் ‘தலையாட்டி’யை ஒருவர் முன்மொழிந்தார். வலுவான சொல், ஆனால் தலையாட்டி முகத்தை மூடிக்கொண்டு எதிரே நின்று, தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுப்பவர். ஓவ்ராவின் ஆளோ முகத்தைக் காட்டிச் சிரித்துப் பேசி, விருந்துண்டு, அறைக்குத் திரும்பி அறிக்கை எழுதுபவர். நாவலாசிரியர் பித்திக்ரில்லி அப்படித்தான் பாரிசில் இருந்த பாசிச எதிர்ப்பாளர்களுடன் பழகினார். அறிக்கைகளில் அவர் வெறும் எண் 373. அவர் எழுதி அனுப்பியதை வைத்து 1935 மே மாதம் டுரினில் ஒரு வட்டத்தையே வளைத்துப் பிடித்தார்கள். கவிஞர் பவேசே, பதிப்பாளர் ஐனாவ்டி எல்லாரும் அதில் சிக்கினார்கள். இதற்கு ‘ஆள்காட்டி’ போதும். குருவிக்கும் அதே பெயர் என்பது தடையாகாது.

ஓவ்ராவை விரிக்க முயலாமல் பெயராகவே விட்டுவிடலாம்.

சந்தி பற்றிக் கேட்டவருக்கு: ‘ஒற்றுக்காவல்’ ஒரே சொல், ஒற்று மிகும். அங்கேயும் மிகுந்துதான் இருந்தது: முடியாட்சி போன அடுத்த மாதம், 1946 ஜூலையில், அரசிதழில் வந்த ஓவ்ராவின் ஆள்காட்டிகள் பட்டியலில் 622 பெயர்கள்.